மதினியிடம் சொன்னது

என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், அன்று மதியம் நான் சொன்னதை ஏன் என் மாமியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்? பயந்துபோய்ச் சொன்னாரா, போன் பேச்சில் வாய் தவறி வந்துவிட்டதா, அல்லது படித்த மருமகளை ஒரு தட்டு தட்டி வைக்கலாம் என்று நினைத்தாரா? என் மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. அவளைச் சுமந்த அந்த வெயில் காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அதன் பிறகு எங்கள் வீட்டில் அடங்கவேயில்லை. என்றைக்காவது அது மகளின் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே இருந்தேன். இப்போது விழுந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் சாங்வியில் ஒரு கட்டடத்தின் கடைசி மாடியில் வாடகைக்கு இருந்தோம். கோவில்பட்டியில் வளர்ந்த எனக்கு வெயில் புதிதில்லை. ஆனால் புனேயின் ஏப்ரல் வெயில் வேறு ஜாதி. அது வியர்க்க விடாது, தோலிலிருந்து ஈரத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போகும். மொட்டை மாடிச் சூடு கூரை வழியாக இறங்கும், மின்விசிறி அதையே கலக்கிக் கீழே தள்ளும். எனக்கு ஆறாம் மாதம். கணுக்கால் எலும்பு இருக்கும் இடம் தெரியவில்லை. செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு வலி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி, நின்றால் வேறு மாதிரி. வீட்டிலிருந்தே அலுவலக வேலை. மடிக்கணினியின் சூடு வயிற்றுப் பக்கம் வேண்டாமே என்று அதை இஸ்திரி மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றபடி வேலை பார்த்தேன். நான் எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்வேன். எந்தப் பக்கம் படுக்கலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மாம்பழம் சூடா இல்லையா என்று எல்லாவற்றையும் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் அம்மாவால் ஊரைவிட்டு வர முடியவில்லை. கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்.

மதினி கோர்படியில் ரயில்வே குடியிருப்பில் இருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேயேதான். அவர் தமிழில் பாதி திருநெல்வேலி, பாதி இந்தி. அந்தக் குடியிருப்பில் பெண்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கும் தாய்வீடு பக்கத்தில் இல்லை என்பதால், ஒருத்தி மாசமானால் மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு மதியங்களில் போய்க் கால் பிடித்துவிடுவார்கள். தெலுங்குக்காரி வங்காளிக்கு, வங்காளி மராட்டிக்காரிக்கு. மதினிக்கும் அப்படிச் செய்திருக்கிறார்கள், மதினியும் செய்திருக்கிறார். என் காலைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டார். "ஏ பிள்ள, இப்படி வெயில்ல கிடந்து வேகுதியே. பஸ், போதும் நீ பட்டது, நாளையிலேருந்து நான் வாரேன். முதல்ல டாக்டரிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

கேட்டேன். பக்கத்து ஔந்தில் நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் மென்மையாகப் பிடித்துவிடலாம் என்றார். வயிற்றில் கை வைக்க வேண்டாம், மல்லாந்து படுக்க வேண்டாம், ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ அதைத் தேய்க்காமல் உடனே வந்து காட்ட வேண்டும் என்றார். மதினி இதையெல்லாம் என் வாயால் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. இடது பக்கமாக என்னைச் சாய்த்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று வைப்பார். ஜன்னல் திரையை நனைத்துப் பிழிந்து மாட்டுவார். நல்லெண்ணெய் வாசனை எனக்குக் குமட்டியதால் தேங்காய் எண்ணெய். பாதத்திலிருந்து மேல்நோக்கி, மாவு பிசைகிற மாதிரி இல்லாமல், பட்டுப் புடவையைத் தடவிப் பார்க்கிற மாதிரி கை போகும். பிறகு முதுகின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருப்பார். கடைசியில் வெட்டிவேர் ஊறிய தண்ணீரில் துணியை நனைத்துப் பாதத்தில் சுற்றுவார். இரவில் வராத தூக்கம் அப்போது வரும். அந்தக் கைகள் இல்லாவிட்டால் அந்த வெயில் காலத்தை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கோபம் இருந்தால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உடம்பு தளர்ந்தால் வாயும் தளரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் போலிருக்கும். நான் பொதுவாக அளந்து பேசுகிறவள். அந்தக் கட்டிலில் மட்டும் அளக்கவில்லை. அலுவலகத்தில் எனக்குப் புதிய பொறுப்பு தரப்போவதைச் சொன்னேன். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் ஔந்தில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பப்போவதைச் சொன்னேன். "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டே பிடித்துவிடுவார்.

ஒருநாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. முந்தைய இரவும் தூங்கவில்லை. வாந்தி வேறு. மதினி பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது நான் சமையலறைத் தரையில் படுத்திருந்தேன், அந்த ஓடு மட்டும்தான் குளிர்ச்சியாக இருந்தது. எழுப்பிக் கட்டிலுக்குக் கூட்டிப்போய் வழக்கம்போலக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் சொன்னேன்.

"சில சமயம் இந்தப் பிள்ளை இப்போ வேண்டாமோன்னு தோணுது மதினி."

அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் நகர்ந்தது. "வெயில் அப்படிப் பேச வைக்குது. தூங்கு பிள்ள" என்றார். நான் தூங்கினேன். எழுந்தபோது கரண்ட் வந்திருந்தது, வயிற்றுக்குள் அவள் உதைத்தாள், நான் சிரித்தேன். நான் சொன்னது எனக்கே மறந்துபோயிற்று.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது ஏனோ ஞாபகம் வந்து அவரிடமும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இப்படி நிறையப் பேர் சொல்வார்கள், தூக்கம் இருக்கிறதா, அடிக்கடி இப்படித் தோன்றுகிறதா, வீட்டில் துணை யார் என்று கேட்டார். திரும்பத் தோன்றினால் தயங்காமல் வந்து சொல்லச் சொன்னார். அவ்வளவுதான். அந்த டாக்டருக்கு அது காய்ச்சல் மாதிரி கவனிக்க வேண்டிய ஒன்று. எங்கள் வீட்டுக்கு மட்டும் அது என்மேல் எழுதிய குற்றப்பத்திரிகை ஆனது.

வளைகாப்பை ஏழாம் மாதம் புனேயிலேயே வைத்தார்கள். ஊரிலிருந்து என் அம்மாவும் வந்தாள், மாமியாரான அத்தையும் வந்தார். கன்னத்தில் சந்தனம், முழங்கை வரை கண்ணாடி வளையல், கழுத்தில் மாலையின் கனம், மேலே அதே மின்விசிறி. சமையலறையில் கலவை சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்த அத்தை என் அம்மாவிடம் பேசியது கூடத்துக்கே கேட்டது.

"உங்க மக இந்தப் பிள்ளையே வேண்டாம்னு சொல்லுதாளாமே. இப்படிப்பட்டவள நம்பி எப்படி விடுது? அதான் நான் இங்கனயே இருந்துருதேன்னு சொல்லிட்டேன். வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

அம்மா கூடத்துக்கு வந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. நான் எழுந்து, நான் சொன்னது அப்படியில்லை என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. புள்ளத்தாச்சி கோபப்படக் கூடாது, உள்ளே இருப்பதற்கு ஆகாது, உட்கார், தண்ணீர் குடி என்று நாலா பக்கமிருந்தும் குரல்கள். என்னைப் பற்றி என் எதிரிலேயே தீர்ப்புச் சொல்லலாம், சொன்னவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் அதற்கு வாய் திறந்தால் மட்டும் குழந்தைக்கு ஆகாது. எவ்வளவு வசதியான ஏற்பாடு! பயந்த சுபாவம் வேறு எனக்கு. ஒருவேளை நிஜமாகவே ஆகாதோ என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மதினி வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு, எதுவுமே நடக்காத மாதிரி என் காலை எடுத்து மடியில் வைத்தார். "ரொம்ப நேரமா தொங்கப்போட்டுட்டு இருந்திருக்க, பாரு எப்படி வீங்கியிருக்கு" என்றார். அந்தக் காலை உதறி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் கால் அவ்வளவு வலித்தது. அவர் கை பட்டதும் வலி குறைந்தது. என் உடம்புகூட எனக்குத் துணைக்கு வரவில்லை.

அத்தை சொன்னபடியே தங்கிவிட்டார். கணவர், பிரசவம் முடியட்டும், பிறகு பேசலாம் என்றார். பிறகு என்பது வரவேயில்லை. காப்பகம் நின்றது. அலுவலகப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது, நான் மறுபடி வேலையில் சேர்ந்ததே மகள் நடக்க ஆரம்பித்த பிறகுதான். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் குழந்தைக்குச் சளி பிடித்தால், கீழே விழுந்தால், எடை கூடாமல் இருந்தால், அத்தைக்கு அந்த வாக்கியம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அப்பவே வேண்டாம்னு சொன்னவதானே. 'சில சமயம்' போய்விட்டது. 'இப்போ' போய்விட்டது. 'தோணுது' போய்விட்டது. கரண்ட் இல்லாத அந்த மதியமும் சமையலறைத் தரையும் தூங்காத இரவும் எல்லாம் போய், மிச்சம் இருந்தது 'வேண்டாம்' மட்டும்தான்.

போன வாரம் மகள் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு அடம்பிடித்திருக்கிறாள். நான் அலுவலக அழைப்பில் இருந்தேன். அத்தை அவளைச் சாப்பிட வைக்க என்ன சொன்னார் என்பது, ராத்திரி அவளுக்குத் தலை பின்னும்போதுதான் தெரிந்தது.

"அம்மா, நான் உன் வயித்துல இருந்தப்போ நீ என்ன வேணாம்னு சொன்னியாமே. ஆச்சிதான் என்னப் பாத்துக்கிட்டாங்களாமே. சச் மே?"

நிஜமாகவா என்பதை அவள் எப்போதும் பள்ளிக்கூட இந்தியில்தான் கேட்பாள். நான் பல் விளக்கினாயா என்று கேட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அம்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள், பெரிதாக்காதே என்றார். அத்தை, நான் இல்லாததையா சொன்னேன் என்று கேட்டுவிட்டுச் சீரியல் பார்க்கப் போனார். மறுநாள் மதினிக்குப் போன் செய்தேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் குரலை உயர்த்தினேன். உங்களிடம் சொன்னதை நீங்கள் ஏன் வெளியே கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன்.

"பயந்துட்டேன் பிள்ள" என்றார். "நீ தனியா கிடக்கியேன்னு அம்மைட்ட சொன்னேன். அது இப்படிப் பண்ணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அம்மாவ உங்களுக்குத் தெரியாதா மதினி?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பயந்தது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தால் என் கோபம் குறைய வேண்டும். குறையவில்லை. பயந்தவர் என்னிடம் கேட்டிருக்கலாம், என் கணவரிடம் சொல்லியிருக்கலாம், டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். கால் என்னுடையது, வயிறு என்னுடையது, வார்த்தை மட்டும் எப்படி அவர்களுடையது ஆனது?

வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். 'இல்லை, ஆச்சி பொய் சொல்கிறார்' என்று மகளிடம் சொல்லலாம். ஆனால் நான் சொன்னது சொன்னதுதான், பொய்யில் ஆரம்பித்தால் நாளைக்கு அதுவும் உடையும். உண்மையைச் சொல்லலாம். ஆனால் ஒரு களைத்த மதியத்தில் ஒரு நினைப்பு வந்து போகும், அதற்கும் அன்புக்கும் சம்பந்தமில்லை என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? அவள் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று கணவர் சொல்கிறார். ஆனால் சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் போடுகிறாள். பொம்மைகளை நான் சொல்லாமலேயே எடுத்து அடுக்குகிறாள். அடுக்கிவிட்டு, நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்க்கிறாள். இப்படி ஒரு பிள்ளைக்குப் பதில் சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். என் மகள் அடம்பிடிப்பதை நிறுத்திவிட்டாள்.