லூர்துவுக்குச் சொன்ன ஒரு 'இல்லை'

1. கலாவின் லீவு

டைப்பிஸ்ட் கலாவை லீவிலிருந்து திருப்பிக் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. மத்தியானம் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்குள் கண்டி டவுன் முழுக்க ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தமிழ் பேசுகிற ஆள் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்பதுதான் அந்த முடிவு.

எப்படி என்று கேட்பீர்கள். கலா எங்கள் கோர்ட்டில் தமிழ் டைப் அடிக்கிற ஒரே ஆள். மகளுக்குக் கோயிலில் புதுநன்மைச் சடங்கு என்று ஒரு கிழமை லீவு போட்டிருந்தாள். குற்றப்பத்திரிகை கொழும்பிலிருந்து சிங்களத்தில்தான் வரும். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தமிழ்தான் தெரியும் என்றால் தமிழ்ப் பிரதியும் தயாராக வேண்டும். ஆகவே கலா வந்தால் தமிழ்ப் பிரதி, தமிழ்ப் பிரதி என்றால் தமிழ் ஆள். கோர்ட் வாசலில் டீ விற்பவருக்கும் தெரிந்த கணக்கு இது.

நான் அந்தக் கோர்ட்டில் இருபத்தெட்டு வருடம் மொழிபெயர்த்தேன். உத்தியோகப் பெயர் உரைபெயர்ப்பாளர் முதலியார். பொம்பளையாக இருந்தாலும் முதலியார்தான். வக்கீல்மார் 'முதலியார் மிஸ்' என்று கூப்பிடுவார்கள். சாட்சி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்ல வேண்டும். சாட்சி தூஷணம் பேசினால் நானும் பேச வேண்டும். நீதிபதி ஐயாவின் முகத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான்.

வழக்கு ஒரு தேர்தல் பிரச்சாரம் பற்றியது. வேட்பாளர் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது இந்தக் கதைக்குத் தேவையுமில்லை. ஏழைகளுக்கென்று அரசாங்கம் கொடுத்த கூரைத் தகடுகளைப் பிரச்சாரக் கூட்டத்தில் வைத்துப் பங்கிட்டார்கள் என்பதும், அரச வாகனங்களைக் கூட்டத்துக்கு ஓட்டினார்கள் என்பதும் முறைப்பாடு. பொலிஸ் விசாரணை எட்டு மாதம் இழுத்தது. அந்த எட்டு மாதமும் ஊருக்கு வேறு பேச்சே இல்லை. யார் யார் மேல் குற்றப்பத்திரிகை வரும், எத்தனை பேர், எப்போது? மடவளை பஸ்ஸில் ஏறினால் ஏழு பேர் என்பார்கள். கட்டுகஸ்தோட்டையில் இறங்கினால் பதினொன்று என்பார்கள். யூடியூப்பில் ஒரு தம்பி, பின்னால் பாராளுமன்றப் படத்தை ஒட்டிக்கொண்டு, இருபத்து மூன்று பேரின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தான். அதில் இரண்டு பேர் செத்துப்போனவர்கள்.

"மிஸ், ஏழா, பதினொண்ணா? ஒண்ணைச் சொல்லுங்க, பந்தயம் கட்டியிருக்கு," என்று த்ரீவீல்காரர் கேட்பார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க," என்பேன்.

அதுவரைக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம்.

2. ஐந்து பெயர்

செவ்வாய்க்கிழமை பதிவாளர் தன் அலுமாரியைத் திறந்து, முத்திரை வைத்த உறையை என் கையில் கொடுத்தார். பதிவாளர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர் என்பதால் என்னை 'அக்கா' என்பார்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள தமிழ்ப் பிரதி வேணும். கோர்ட்டில வாசிச்சு ஆக்களுக்குச் சேர்ப்பிக்கும் வரைக்கும் நீங்கள், கலா, நான். நாலாவது ஆளுக்குத் தெரியக் கூடாது."

குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஐந்து பேர்தான். ஐந்தாவது ஆள் வேட்பாளரின் செயலாளர், பிலிமத்தலாவையில் இருக்கும் ஒரு தமிழர். தமிழ்ப் பிரதி அவருக்குத்தான். ஊர் எட்டு மாதம் பேசியும் அந்த மனிதரின் பெயரை ஒருத்தரும் உச்சரிக்கவில்லை. கடைசித் தாளில் சாட்சிகளின் பட்டியல் இருந்தது. ஒன்பதாவது சாட்சி அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பளீல் ஹாஜியார். தகடுகளை அவருடைய ஸ்டோரில் இறக்கி வைத்திருந்தார்கள். அதனால் பொலிஸ் அவரிடம் இரண்டு தரம் வாக்குமூலம் எடுத்திருந்தது.

ஊரின் கணக்கில் 'தமிழ் ஆள்' என்றால் ஹாஜியார்தான். வேறு யார்? பொலிஸ் ஜீப் இரண்டு தரம் அவர் கடை வாசலில் நின்றதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

3. நன்றிப் பூசை

வியாழக்கிழமை பின்னேரம் லூர்து வீட்டுக்கு வந்தாள். என்னோடு கோயில் பாடகர் குழுவில் இருப்பவள். அவள் புருஷன் செபஸ்தியான் ஒரு பிரதேச சபையில் டிரைவர். மேலிடத்தில் ஓட்டச் சொன்னதால் பிரச்சாரத்துக்கு ஜீப் ஓட்டியவர். அவரும் தமிழ் ஆள்தான். கலாவைக் கூப்பிட்டதைக் கேள்விப்பட்டதிலிருந்து மனிதர் சோறு தொடவில்லையாம்.

"ரீட்டாக்கா, பயமா இருக்குக்கா. ராவைக்கு எழும்பி உக்காந்துக்கிறாரு. ஜெயிலுக்குப் போறதுக்கு முந்தி போய்ச் சேர்ந்துடுவேன்ங்கிறாரு. ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

நான் கல்லா? அவள் என் கதிரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். பதினைந்து வருடம் பக்கத்தில் நின்று பாடியவள். நல்ல செய்திதானே, சொன்னால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

"அவரு பேரு இல்ல லூர்து. போய்ச் சாப்பிடச் சொல்லு. யாருகிட்டயும் மூச்சு விடாத."

மாதா மேல் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனாள். சத்தியத்தை மீறவுமில்லை, ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. கோயில் ஆபீசுக்குப் போய் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தாள், அவ்வளவுதான். மாதாவிடம் கேட்டது கிடைத்துவிட்டது, நன்றி சொல்லாமல் இருக்கலாமா? யார் எதற்காகப் பூசை கொடுக்கிறார்கள் என்ற பூசைக் கருத்துகளை எங்கள் கோயிலில் ஃபாதர் மைக்கில் வாசிப்பார் என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு நினைவில்லை.

ஞாயிறு காலைப் பூசை. கோயில் நிறைய சனம். ஃபாதர் துண்டுச் சீட்டை எடுத்து நிதானமாக வாசித்தார்: "வழக்கில் பெயர் இல்லாமல் காப்பாற்றப்பட்டதற்காக செபஸ்தியான் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் நன்றிப் பூசை."

பாடகர் குழுவில் நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். சனம் லூர்துவைப் பார்த்தது. பிறகு லூர்துவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தது. அதற்கு மேல் விளக்கம் தேவையா?

திங்கட்கிழமை காலை பதிவாளர் கூப்பிட்டார்.

"இருங்கோ அக்கா. நேற்றுப் பூசையில என்னவோ வாசிச்சவையாம். நீங்கள் ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்ல சேர். நான் யாருகிட்டயும் பேசல."

இருபத்து நாலு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் சொந்தமாகச் சொன்ன முதல் பொய் அது. மற்றவர்கள் சொன்ன பொய்களைத்தான் அதுவரை மொழிபெயர்த்திருந்தேன். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது, பயந்துவிட்டேன். இனி ஒரு வார்த்தை வெளியே விட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

4. டீ

புதன்கிழமை பின்னேரம் ஹாஜியார் வந்தார். கடை வான் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகத்தான் உள்ளே வந்தார். அவரை எனக்குப் பழக்கமில்லை. வீடு கட்டும்போது அவர் கடையில் கதவுப் பூட்டு வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். உயரமான மனிதர், அன்றைக்குக் கூனிப் போயிருந்தார். டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு நானும் ஒரு கோப்பையோடு உட்கார்ந்தேன்.

"மிஸ், கேக்கப்படாத கேள்விதான். ஆனா மகள்ட நிக்காஹ் வார ஞாயித்துக்கிழம. மடவளைல மாப்புள ஊட்டார் நேத்து ஆள் அனுப்பீக்காங்க. குற்றப்பத்திரம் வந்த பொறகு பாப்பமாம். கலியாணத்துக்கு நாலு நாள் ஈக்கக்குள்ள செல்ற பேச்சா இது?"

"ஹாஜியார், எனக்கு விளங்குது. ஆனா நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"செபஸ்தியானுக்கு இல்லண்டு செல்லீக்கீங்களாமே. ஊரே செல்லுது. அவருக்கு இல்லண்டா எனக்கி எண்டுதான் மாப்புள ஊட்டார் நெனக்கிறாங்க."

நான் என் கோப்பையைக் கையில் எடுத்தேன். லூர்துவிடம் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். சொல்லவில்லை என்றால் இன்னொரு பொய். அதுவும் இவர் சாட்சி. சாட்சியிடம் வழக்கைப் பற்றிப் பேசினேன் என்று ஒரு வக்கீல் எழும்பினால் வழக்கே ஆட்டம் காணும்.

அவர் என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"வாயால செல்ல வாணாம் மிஸ். எண்ட பேர் இல்லண்டா அந்த டீயக் குடிங்க. ஈக்கிண்டா கீழ வெச்சிருங்க. நான் எழும்பிப் போறன். ஒத்தருக்கும் செல்ல மாட்டன்."

என்ன மனிதர் பாருங்கள்! ஒரு வாய் டீ, அவ்வளவுதான் அவர் கேட்டது. ஐந்து பெயரும் எனக்கு மனப்பாடம், அதில் இவர் பெயர் இல்லை. குடித்திருந்தால் வெளியே போய் வண்டியில் ஏறி, நேரே மடவளைக்குப் போயிருப்பார்.

குடிக்கவுமில்லை, வைக்கவுமில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கை சூடு தாங்கவில்லை. பிறகு சூடு ஆறிப்போனது. மேலே ஆடை படிந்தது. ஹாஜியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"விளங்குது மிஸ்," என்றார்.

அவருக்கு விளங்கியது தப்பு. அது தெரிந்தும் நான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நடக்கவில்லை.

5. வாசித்த நாள்

மூன்று கிழமை கழித்துத் திறந்த கோர்ட்டில் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். நிற்க இடமில்லை. முதல் நாலு பேருக்கும் சிங்களத்தில் வாசித்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு நான் கூண்டுப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். பிலிமத்தலாவைச் செயலாளரின் பெயரைச் சொன்னதும் பின்னாலிருந்து "ஆ!" என்று ஒரு சத்தம் வந்தது. எட்டு மாதம் பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றுப்போன சத்தம் அது. யூடியூப் தம்பி அன்றைக்குப் பின்னேரமே 'நான் முதலிலேயே சொன்னேன்' என்று ஒரு வீடியோ போட்டான்.

கோர்ட் கலைந்த பிறகு ஹாஜியார் நடையில் நின்றார். எனக்காகத்தான் காத்திருந்தார்.

"இப்ப கேக்கலாம் தானே மிஸ்?"

"கேளுங்க ஹாஜியார்."

"அண்டைக்கு ஊட்டுக்கு வந்தனே. எண்ட பேர் இல்லண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"மாப்புளக்கு போன கிழம வேற எடத்துல பேசி முடிச்சிட்டாங்க," என்றார். பிறகு, "நீங்க செல்லாததுக்கு எனக்கிக் கோவம் இல்ல மிஸ். உங்கட வேல அது. நான் யாவாரி. கடையில ஒத்தருக்கு வெல கொறச்சா வாற எல்லாருக்கும் கொறைக்கோணும். இல்லாட்டி ஒத்தருக்கும் கொறைக்கப்படாது. செபஸ்தியானுக்கும் செல்லாம ஈந்தீந்தா, நீங்க பேசாம ஈந்தத ஒத்தரும் கணக்கெடுத்தீக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. கோர்ட் நடையில் அழுதால் சனம் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கும் என்று ரெக்கார்ட் அறைக்குள் போய் அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பதிவாளரிடம் போனேன். லூர்துவிடம் சொன்னதையும், கேட்டபோது பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வழக்குத் தொடங்கீட்டுது அக்கா. இனி ஆரும் கேட்கப் போறதில்லை. இப்ப ஏன் வந்து சொல்லுறீங்கள்?"

"அன்னைக்கு நீங்க கேட்டீங்க சேர்."

எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அந்த வருடச் சம்பள ஏற்றமும் நின்றது. எனக்கு அதில் மனக்குறை இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். கெட்ட செய்தியை நீங்கள் வெளியே விட மாட்டீர்கள், அதற்குப் பயம் இருக்கும். நல்ல செய்திதான் வாயில் நிற்காது. 'உங்க பேர் இல்ல' என்று ஒருவருக்குச் சொன்னால், அடுத்த ஆளிடம் நீங்கள் பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடும். இருபத்தெட்டு வருடம் மற்றவர்கள் பேச்சுக்கு அர்த்தம் சொன்ன எனக்கு, என் பேச்சின்மைக்கு ஊர் அர்த்தம் சொல்லும் என்பது தெரியாமல் போய்விட்டது. ஆகவே யார் வந்து அழுதாலும், உங்கள் சொந்த அண்ணனே வந்து கேட்டாலும், எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லுங்கள்: குற்றப்பத்திரிகை வாசிக்கிற நாள் வாங்க.

லூர்துவின் அழுகையைப் பார்த்தேன், அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஹாஜியாரின் மகள் பெயர் ஸஹ்ரா. அந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.