தேனீப் பிசினும் சில்வெஸ்டரின் ஈரலும்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு சிறிய மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் நாசரேத். மில்லர்புரத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். லேப்பிலும் நான் ஒருத்திதான். யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசாமலே சில நாட்கள் போய்விடும்.

செவ்வாய்தோறும் சில்வெஸ்டர் வருவார். திரேஸ்புரத்துக்காரர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன். காயில்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை சி.டி.சி. என்ற திரவம் ஊற்றித் துடைப்பார். அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். கண் மஞ்சளாகி வந்தவருக்கு டாக்டர் ஆறு வாரம் லீவு எழுதிக்கொடுத்து, வாரம் ஒரு முறை ரத்தத்தில் பிலிரூபின், அதாவது காமாலையின் அளவு, பார்க்கச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது வாரம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி.

"ரஷ்யாக் கப்பல் சமையக்காரன் தந்தாம்மா. தேனீ கூட்டு ஓட்டைய அடைக்க வைக்கும்லா, அந்தப் பிசின். புரோபோலிசாம். ஈரல், குடல் எல்லாத்துக்கும் காவலாம். தெனம் குண்டுமணி அளவு மெல்லுதேன்."

அந்த வாரம் பிலிரூபின் நன்றாக இறங்கியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் இறங்கியது. "பாத்தியளா!" என்று சிரித்தார்.

லீவில் இருப்பதால் சி.டி.சி. காற்று படவில்லை, அதனால்கூட இறங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொன்னால், அரை மணி நேரம் உட்கார்ந்து கதை பேசுகிறவர் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம்.

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி" என்றேன்.

ஆறாவது செவ்வாய், ஒர்க்‌ஷாப்பில் தன்னோடு வேலைபார்க்கும் பொன்ராஜைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். பொன்ராஜின் கண்கள் மஞ்சளாயிருந்தன, பேச்சு குழறியது.

"எப்ப இருந்து இப்பிடி?" என்று சில்வெஸ்டரைக் கேட்டேன்.

"பத்து நாளா மூத்திரம் மஞ்சளாப் போகுதுன்னான். நாந்தான் பாதிப் பிசினக் குடுத்தேன். 'இது இருக்கையில ஈரலுக்கு ஒண்ணும் ஆவாதுலே, வேலையப் பாரு'ன்னுட்டேம்மா. அவன் லீவே போடல. என் வேலையையும் அவந்தான் சேத்துப் பாத்தான்."

டாக்டர் உடனே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் பொன்ராஜ் இறந்துபோனார்.

அதன்பின் சில்வெஸ்டர் ஒரே ஒரு முறை வந்தார். உட்காரவில்லை.

"எனக்குக் கொணமானது அந்தப் பிசினாலதானாம்மா?"

"தெரியாது அண்ணாச்சி. லீவுல இருந்ததாலயும் இருக்கலாம்."

"அன்னைக்கே தெரியுமா?"

"தோணுச்சு."

அவர் படியிறங்கினார். பிறகு வரவே இல்லை. நான் அந்த ஊரில் இன்னும் நான்கு வருடம் இருந்தேன்.

தேனீப் பிசின் ஈரலைக் காக்குமா என்று இன்று எலிகளை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். காக்கவும் கூடும். பிசினைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். எண் இறங்கினால் நோயாளியோடு சேர்ந்து சந்தோஷப்படுங்கள். ஏன் இறங்கியது என்று தெரியாவிட்டால் அதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். வெளியே போய் அவர் யாரிடம் என்ன சொல்வார் என்பது நமக்குத் தெரியாது.