பேரைச் சொன்னால்தான் மிதிப்பார்

அப்பா இல்லாமல் ஒரு வருடத்தைக் கடத்திவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளான என் வணக்கம். அப்பாவின் நல்ல குணங்களை எழுது என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர் பட்டறையை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது பயம். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தப் பயத்துக்கு மட்டும் காரணம் இருந்தது.

அப்பா பிறந்தது கிணத்துக்கடவுப் பக்கம். தாத்தா தென்னந்தோப்பில் கூலிக்குப் போனவர். அப்பா சிறு வயதிலேயே கோவைக்கு வந்து, ஒரு பட்டறையில் கூட்டிப் பெருக்குவதில் தொடங்கி, மோட்டாரில் ஓடித் தகட்டை வெட்டும் பவர் பிரஸ் ஓட்டக் கற்றுக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு பழைய பிரஸ் ஒன்றை வாங்கி, கணபதிப் பகுதியில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, மோட்டார்களுக்குத் தகடு அடித்துக் கொடுத்தார். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். கோபம் வந்தால் ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அது பளபளவென்று இருந்தால் அன்றைக்கு யாரோ அவரை நன்றாகச் சீண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தகடு வேலை நின்றுபோனது. தகடு வாங்கியவர்களே தானாக ஓடும் மிஷின்களை வைத்துக்கொண்டார்கள். பிரஸ் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. அப்போதுதான் பம்பு செய்யும் ஒருவர், கைப்பம்புக்குத் தோல் வாஷர் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். வீட்டில் யாரையும் கேட்காமல் முடியும் என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். தோல் வேலையா என்று மூக்கைப் பொத்திய சொந்தக்காரர்களும் உண்டு. அன்றைக்கு ஸ்பேனர் நன்றாகவே மின்னியது.

தகடு அடிக்கும்போது, வெட்டும் அச்சான டை பிரஸ்ஸிலேயே பூட்டியிருக்கும். தகட்டை நீட்டினால் போதும், கை வெளியிலேயே இருக்கும். தோலுக்கு அது ஒத்துவராது. தோல் ஓரிடத்தில் தடிப்பாக இருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும், நடுவில் உண்ணி கடித்த தழும்பு இருக்கும். நல்ல இடமாகப் பார்த்து டையை நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். எனவே அப்பா மேல் டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கனத்த இரும்புத் தட்டைப் பொருத்தினார். கீழே, கறிக்கடையில் இருப்பது போன்ற புளியமரக் கட்டை. கட்டையின்மேல் தோல், தோலின்மேல் வட்டக் கத்தியாகச் செய்த டை. பெடலை மிதித்தால் தட்டு இறங்கி டையை அழுத்தும், வாஷர் வெட்டுப்படும். தட்டு எவ்வளவு இறங்கலாம் என்று சரிபார்ப்பதற்குள் இரண்டு டைகள் மழுங்கின. பிறகு சுத்தமாக வெட்டியது. அப்பா அந்த முதல் வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு வாஷருக்கும் ஒரு கை அந்தத் தட்டுக்கு அடியில் போய் வர வேண்டும். அந்தக் கை அம்மாவுடையது.

தழும்பைக் கண்டுபிடிக்க அப்பாவின் கண் போதவில்லை. பெடலை மிதிக்க அம்மாவின் கால் போதவில்லை. அதனால் அம்மா டையை வைத்துவிட்டுக் கையை எடுத்து, "போடுங்க" என்பார். பக்கவாட்டில் நிற்கும் அப்பா மிதிப்பார். டைக்கு நீளமான கைப்பிடி வைத்தும் பார்த்தார். டை சாய்ந்து வாஷர் கோணலானது. மில் ஆபீசில் வேலை முடிந்து வரும்போது நான் தெருமுனையிலேயே நின்று காது கொடுப்பேன். டங், டங் என்று கேட்டால்தான் கால் நகரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகை வாசலில் உட்கார்ந்து வாஷர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தயிர்க்காரம்மா வந்தார்.

"ஏனுங்க அம்மணி, தயிரை எதுலீங்க ஊத்தட்டும்?"

அப்போதுதான் டையை வைத்திருந்த அம்மா, அந்தக் கையாலேயே வாசலோரம் இருந்த சட்டியைக் காட்டினார்.

"அந்தச் சட்டியில ஊத்திப்போடுங்க."

எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் செய்துபோடுவதுதான். ஊத்திப்போடு, எடுத்துப்போடு, சொல்லிப்போடு. மோட்டார் இரைச்சலில் அப்பாவின் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. மிதித்துவிட்டார்.

தட்டு இறங்கி ஏறியது. அம்மாவின் சேலை இழுபட்டது. தோல் தூசியைத் துடைத்த முந்தானை நுனி டைக்கு அடியில் சிக்கியிருந்திருக்கிறது. டைக்குள் ஒரு தோல் வாஷரும், அதே அளவில் நீலச் சேலைத் துணியில் ஒரு வாஷரும் இருந்தன. சட்டியைக் காட்ட நீட்டியதால் கை தப்பியது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடுவதில்லை. அப்பா மோட்டாரை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"இந்தச் சனியனே வேண்டாம். வித்துப்போடறேன்" என்றார்.

"வித்துப்போட்டு என்னத்தைத் திங்கறதுங்க? எனக்கும் பயந்தானுங்க. ஆனா சொல்லுதான் தப்பு. வேற சொல்லு வெச்சுக்கலாமுங்க" என்றார் அம்மா.

வேறு எந்தச் சொல்? 'சரிங்க' என்பதை நாங்கள் மூச்சு விடுவது போலச் சொல்கிறவர்கள். 'ஆச்சுங்க'வும் அப்படித்தான். வாய் தவறிக்கூட அம்மா சொல்லாத சொல்லாக இருக்க வேண்டும். அம்மா நெடுநேரம் யோசித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர் அம்மா. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் சொல்லச் சொல்வார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் ஆயுசைப் பத்தி நீ கவலைப்படாதே அம்மணி. என் பேரு காதுல விழுந்தா மிதிப்பேன். வேற எது விழுந்தாலும் மிதிக்கமாட்டேன்."

மறுநாள் முதல்முறை அம்மா அதை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். அப்பாவும் பிடிவாதமாக மிதிக்கவில்லை. இரண்டாவது முறை கத்திச் சொன்னார், சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு பெயர் வராமல் ஒருதரம்கூட அப்பா கால் பெடலில் அழுந்தவில்லை. தம்பியின் படிப்பும் எங்கள் கல்யாணமும் அந்த வாஷர்களில்தான் நடந்தன. ஆனால் அம்மா மாதம் தவறாமல் அவிநாசிக் கோயிலுக்குப் போய், நான் சொன்னதையெல்லாம் கணக்கில் வைக்காதே சாமி என்று கும்பிட்டு வந்தார். எனக்கோ பயம் இரண்டானது. அம்மாவின் கைக்கு ஒன்று, அப்பாவின் உயிருக்கு ஒன்று. மில் ஆபீசில் கணக்கு எழுதுகிற நானும் அதை நம்பினேன் என்பதை மறைப்பானேன்.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கும், இரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும், பதினாறாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், தன் வீட்டுச் சாவு போல அழுத தயிர்க்காரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

காரியத்துக்கு வந்த இடத்தில், "பேரைச் சொல்லிச் சொல்லியே அனுப்பிப்போட்டா" என்று குசுகுசுத்தவர்களும் உண்டு. அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அவர்களுக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறோம். அவர்கள் படிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதற்கு முன்பே அம்மா அதைச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில், அப்பாவுக்குக் கடைசியாக நினைவு இருந்த மாலையில், கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "வாய் ஓயாம உங்க பேரைச் சொல்லிப்போட்டனுங்க. அதனாலதானுங்க இப்படி ஆச்சு" என்று அழுதார். அப்பா அம்மாவின் வலது கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். சுண்டுவிரல் வரை வந்து நிறுத்தினார்.

"அஞ்சும் இருக்குதல்லொ, அம்மணி" என்றார். "அப்புறமென்ன."