பூப் போடும் மெஷின்

பல்லேகலையில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் பதினொரு வருடம் காலர் தைத்தேன். கல்யாணம் முடித்து வேலையை விட்டபோது, சம்பளத்தில் பிடித்துவந்த சேமலாப நிதிப் பணம் மொத்தமாக வந்தது. அதை வங்கியில் போட்டுவிட்டு, மஹய்யாவ வீட்டில் ஒரு சாதாரண மெஷினை வைத்துக்கொண்டு சாரி ஜாக்கெட்டும் ஸ்கூல் கவுனும் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அந்தப் பணத்தைத் தொடவில்லை. அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பே எனக்குத் தைரியமாக இருந்தது.

அந்தத் தைரியம் கண்டியில், கொழும்பு வீதிக் கடை ஒன்றில் ஆட்டம் கண்டது. நூல் சுற்றும் பொபின் வாங்கப் போனவள், உள்ளே கூட்டம் நிற்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். கடைப் பெண் பூப் போடும் மெஷின் ஒன்றின் பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் தொடாமலே துணியில் ஒரு மயில் வளர்ந்துகொண்டிருந்தது. விலையைக் கேட்டேன். வங்கியில் எனக்கு இருந்தது அவ்வளவும் அதற்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் மயில் போகவில்லை. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாக்கெட் கையில் பூ வேண்டும் என்கிறார்கள். முடியாது என்றால் துணியை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மெஷின் வாங்காவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். வாங்கினால் அது மூலையில் கிடந்துவிடுமோ என்றும் பயந்தேன். ஒரு நாள் ஒரு ஜாக்கெட்டின் வலது கையைக் கொண்டுபோய் இடது தோளில் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். கார்மெண்டில் சேர்ந்த முதல் வாரத்தில்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

என் வீட்டுக்காரர் மரக்கறி லொறி ஓட்டுகிறார். அவரிடம் கேட்டேன்.

"உன் காசு. ஒனக்குச் சரின்னு பட்டா வாங்கு புள்ள."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"எனக்கு மெஷினப் பத்தி என்னா தெரியும்?"

நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

நூல் கடை முதலாளிதான் ஒரு வழி சொன்னார். "தெல்தோட்டையில ஒரு அம்மா இதே மெஷின் வச்சிருக்காங்க. முந்தி எங்கிட்டத்தான் நூல் எடுப்பாங்க. இப்ப வர்றதில்ல. போய்க் கேட்டுப் பாருங்க."

'இப்ப வர்றதில்ல' என்ற சொல் கலஹா வழியாகப் போன பஸ்ஸில் வளைவுக்கு வளைவு காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெண். விஷயத்தைச் சொன்னதும், "உள்ளுக்கு வாங்க தங்கச்சி" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மெஷின் சன்னல் ஓரம் ஒரு படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது.

"பழுதாப் போச்சாங்க அக்கா?"

"மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் பயம்."

கட்டாரில் வேலை செய்யும் மகன் பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்ததாம். கொஞ்ச நாள் தைத்திருக்கிறார். இரண்டு மூன்று தரம் நூல் சிக்கித் துணி கெட்டதும் கை வைக்கவே பயந்து மூடி வைத்துவிட்டார்.

பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய ஃபோன் அடித்தது. மகன், வீடியோ கோல். அவர் அவசரமாக எழுந்து விரிப்பை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு துணியையும் எடுத்து அதன்மேல் வைத்த பிறகுதான் ஃபோனை எடுத்தார்.

"உம்மா, வேலையா?"

"ஓ மகன். இந்தா, ஒரு பூப் போட்டுக்கிட்டுத்தான் ஈக்கிறேன்."

நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு மாசமா இப்பிடித்தான்" என்றார். பிறகு, "ஒரு மாசம் கொண்டு போய்ப் பாருங்க தங்கச்சி. சரி வந்தா விலையப் பேசுவம். சரி வராட்டிக் கொண்டு வந்து தாங்க."

"என்னைய ஒங்களுக்குத் தெரியாதேங்க அக்கா."

"நூல் கடைக்காரருக்குத் தெரியுந்தானே."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் தெல்தோட்டைக்கு லொறியைக் கொண்டுவந்தார். கண்டி வரும்வரை மெஷினை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பயம் குறையும் என்று பார்த்தால் இரண்டு மடங்காகிவிட்டது. வானம் இருட்டினால், மின்னலுக்குப் பயந்து ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றினேன். முதல் வாரம் முழுக்கப் பழைய துணியில்தான் பழகினேன். இரண்டாவது வாரம், ஸ்கூல் டீச்சர் ஒருவர் தங்கையின் கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். சாரியோடு வந்த துண்டு. கையில் பூ வேண்டும் என்றார். இந்த முறை முடியும் என்று சொன்னேன்.

துணி வெட்டுவதற்கு முன்பே பூவைப் போட்டுவிடுவது வழக்கம். பாதிப் பூவில் மெஷின் கடகடவென்று அடித்து நின்றது. அடியில் நூல் பந்தாகச் சுருண்டிருந்தது. மெதுவாகத்தான் இழுத்தேன். பட்டு கிழிந்து, விரல் நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. காது இரண்டும் சுட்டன. இன்னும் என்னுடையதாகாத மெஷினில் இன்னொருவருடைய பட்டைக் கெடுத்துவிட்டேன்.

தெல்தோட்டைக்கு ஃபோன் எடுத்தேன்.

"அடியில தாள் வச்சீங்களா தங்கச்சி?"

"என்னா தாளுங்க?"

"மெல்லிசு துணிக்கு அடியில ஒரு தாள் வைக்கணும். எனக்கும் ரெண்டு சட்டை போன பொறகுதான் தெரிஞ்ச. சொல்ல மறந்துட்டேன், என்னைத்தான் ஏசணும்."

அன்று மாலையே மழையில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். "ஒங்க துணியக் கெடுத்துட்டேங்க டீச்சர். இதே நெறத்துல வேற துணி வாங்கி நானே தச்சித் தர்றேன்."

அவர் பட்டை மேசையில் விரித்து ஓட்டையைப் பார்த்தார். விரலை அதற்குள் விட்டு எடுத்தார். ஏசினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"கல்யாணத்துக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. வேற துணி இதோட சேராது. இந்த ஓட்டை கக்கத்துப் பக்கம் போற மாதிரி வெட்ட ஏலாதா?"

முடியும். பதினொரு வருடம் கார்மெண்டில் இருந்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். பயத்தில் தோன்றவில்லை. நிம்மதியாக எழுந்தேன்.

"ஆனா பூ வேணும். பூவுக்காகத்தான் ஒங்ககிட்ட குடுத்தேன்" என்றார்.

மறுநாள் நூல் கடையில் தாள் வாங்கினேன். பூவின் இடத்தை மாற்றிக் குறித்து, அடியில் தாளை வைத்து, பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் சொல்லாமலே டீவியை நிறுத்தினார். அழுத்தினேன். ஊசி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தேன். முதல் இதழ் வந்தது, இரண்டாவது வந்தது. கடைசி நூலை வெட்டித் துணியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சிக்கல் இல்லை.

"வந்திருச்சா?" என்றார் அவர்.

"வந்திருச்சு" என்றேன். துணியை அவரிடம் நீட்டினேன்.

மாதம் முடிவதற்குள் இன்னும் நான்கு ஜாக்கெட்டுக்குப் பூப் போட்டேன். பெரிய வேலை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மெஷின் எங்கே தகராறு செய்யும் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. கடையில் புதியதை வாங்கியிருந்தால், முதல் ஓட்டை விழுந்த அன்றே நானும் ஒரு விரிப்பைப் போட்டு மூடியிருப்பேன். ஃபோனில் விலையைப் பேசி, வங்கியில் இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொண்டு தெல்தோட்டைக்குப் போனேன்.

பணத்தை வாங்கும்போது அந்த அக்காவின் முகம் தெளிவாக இருந்தது. "மகன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"என்னா சொன்னாரு?"

"'இதச் சொல்றதுக்கா உம்மா இவ்வளவு நாள் பயந்தீங்க'ன்னு கேட்ட." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெஷின் எனக்கென்று ஆகி ஒரு வருடம் ஆகிறது. போட்ட பணத்தை அது இன்னும் முழுதாகத் திருப்பித் தரவில்லை. கல்யாண மாதங்களில் மூச்சு விட நேரமில்லை, மற்ற மாதங்களில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம், அவசரப்பட்டுவிட்டோமோ என்ற பழைய குடைச்சல் வருகிறது. யாராவது துணியோடு வந்ததும் போய்விடுகிறது.