கரை சேராத உடம்பு

என் பேய்க்கதைகளில் குடல் சரியாத பக்கமே இருக்காது. வாசகர்களுக்கும் அதுதான் வேண்டும். எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. புதுத் தொடரில் ரத்தமே வேண்டாமென்று, பேய் ஒரு பொடியனைக் கடலுக்குள் இழுத்துப்போனதோடு விட்டுவிட்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடையில் மூதூர்க்கார அம்மா ஒருவர் என்னை அடையாளம் கண்டு வந்தார்.

“தம்பி, எவ்வளவு வெட்டுக்கொத்து எண்டாலும் உங்கட கதையிலை கடைசியா உடம்பு கிடைக்கும். அதுக்காகத்தான் வாசிக்கிறனான். காணாமப் போன என்ர மகனை இன்னும் தேடுறன். இந்தப் பொடியனையாவது தாயிட்டைக் குடுத்திடுங்கோ.”

“ஓம் அம்மா” என்றேன்.

அடுத்த அத்தியாயத்தில் பொடியன் கரையொதுங்கினான். தாய் அவன் முகத்து மணலைத் துடைத்தாள். அந்த உடம்பில் ஒரு கீறல்கூட வைக்க எனக்கு மனம் வரவில்லை.