துடக்கு அறைக்கு வந்த கோழி

நான் பெரியபிள்ளையானது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். போர்த் தடையால் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் குடாநாட்டுக்குள் வராமல் போயிருந்த காலம். மருதனார்மடத்துக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. வீட்டின் கடைசி அறையில் வெங்காயப் பிடிகளைக் கட்டித் தொங்கவிடுவோம். அன்றைக்கு வெங்காயத்தை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு, எனக்கு அங்கே பாய் போட்டார்கள். தலைமாட்டில் வேப்பிலையும் ஒரு இரும்புத்துண்டும். எனக்கென்று தனிக் கோப்பை, தனிக் குவளை. தண்ணி வார்க்கும் சடங்கு முடிந்து துடக்குத் தீட்டுக் கழியும்வரை ஒருவரும் என்னைத் தொடக்கூடாது. அம்மா சாப்பாட்டை வாசற்படிக்கு உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் எனக்கு விளக்கமாகச் சொல்லவில்லை. ஆனால் அயலுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வந்தவர்கள் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

விடிந்ததும் வெறும்வயிற்றில் பச்சை முட்டை குடிக்க வேண்டும். நுனியை உடைத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில். பிறகு அதே கோதுக்குள் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். இடுப்புக்குப் பலமாம். ஊர்க்கோழி முட்டையாகவும் இருக்க வேண்டும், புதிதாகவும் இருக்க வேண்டும். எங்கள் வளவில் அப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தது ஒரு சிவலைப் பேட்டுக்கோழி மட்டும்தான். மற்ற இரண்டும் குஞ்சுகளோடு திரிந்தன. சிவலை சின்னப் பேடு, அப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருந்தது. என் யன்னலுக்கு நேர் கீழே, பின்விறாந்தையில், வைக்கோல் போட்ட பழைய பனையோலைக் கடகப்பெட்டி ஒன்றுதான் அதன் இடம்.

அறைக்குள் பார்ப்பதற்கு வெங்காயத்தைத் தவிர ஒன்றும் இல்லாததால் நான் கோழியைப் பார்த்தேன். காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அது வரும். கடகத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்து, ஏறி, வைக்கோலைச் சொண்டால் இழுத்து இழுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டு இருக்கும். கண் பாதி மூடிவிடும். பிறகு எழும்பி, ஊரே தன்னைப் பார்க்க வர வேண்டும் என்பது போலக் கொக்கரிக்கும். முட்டையைக் குடிப்பது எனக்கு அருவருப்பாக இருந்தாலும் அந்தக் கொக்கரிப்பு பிடித்திருந்தது. அந்த நாட்களில் என்னிடம் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல், தன் பாட்டில் வந்து போனது அது ஒன்றுதான்.

ஒருநாள் அது கடகத்தில் ஏறியது, இருந்தது, எழும்பியது, மறுபடியும் இருந்தது. கொக்கரிக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. எனக்கு அடுத்த வீட்டில் கடன் வாங்கிய முட்டையைத் தந்தார்கள்.

சடங்குக் காரியங்கள் எல்லாம் அப்பாவின் தங்கையான மாமியின் கையில் இருந்தன. அவரும் அயல் பெண்களும் முற்றத்தில் பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருந்தார்கள். மாமி வந்து கடகத்தை எட்டிப் பார்த்தார்.

“உது அடைக்குக் கிடக்குது. இனி முட்டை இல்லை” என்றார்.

அடைக்குக் கிடக்கும் கோழியின் அடையைக் கலைக்க எங்கள் பக்கத்தில் செய்வது எல்லோருக்கும் தெரியும். அதன் இறகு ஒன்றைப் பிடுங்கி மூக்குத் துளைக்குள் குறுக்காகச் செருகுவார்கள். பிறகு குளிர்ந்த தண்ணீருக்குள் அமுக்கி எடுப்பார்கள். அடைகாக்கும் உடம்புச் சூடு தணிந்தால் அடை மறந்து பழையபடி முட்டையிடும் என்பது கணக்கு. மாமி இரண்டையும் செய்தார். கிணற்றடித் தொட்டிக்குள் அதை மூன்று தரம் அமுக்கினார்.

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“மாமி, அது அடை இல்லை. அடைக் கோழி எண்டால் கை வைக்கக் கொத்தும். இது கொத்தேல்லை. முக்கிக்கொண்டு நிக்குது.”

“உள்ளுக்கு இருக்கிறவைக்கு வெளி நியாயம் தேவையில்லை” என்றார் மாமி.

எனக்குத் தெரிந்ததை அவருக்கு எப்படிச் சொல்வது? அடைக்கோழி கடகத்தோடு கடகமாகப் பரந்து படுத்திருக்கும், கிட்டப் போனால் உறுமும். சிவலையோ நிமிர்ந்து நின்றது. வால் தொங்கிப்போயிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உடம்பு முழுவதும் இறுகி, சொண்டு திறந்து, பிறகு தளர்ந்தது. கொண்டையின் சிவப்பு வெளிறிப்போயிருந்தது. தொட்டியிலிருந்து விட்டதும் நாலடி நடந்து, தென்னைக்குக் கீழே சரிந்து படுத்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை.

“சாகிறதுக்கு முன்னம் அறுத்தாக் கறியாவது ஆகும். அண்ணை சந்தையாலை வரட்டும்” என்று மாமி சொன்னதைக் கேட்டேன். அப்பா மத்தியானத்துக்கு வந்துவிடுவார். வந்தால் தங்கையின் பேச்சைத் தட்டமாட்டார்.

நான் அம்மாவைக் கூப்பிட்டேன். சாதாரணமாகக் கூப்பிடவில்லை, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார்.

“ஏனடி பிள்ளை, உனக்கு என்ன செய்யுது?”

“எனக்கு ஒண்டும் இல்லை. கோழியின்ரை வயித்தை ஒருக்கால் தொட்டுப் பாருங்கோ அம்மா.”

 அம்மா தென்னையடிக்குப் போய்க் குந்தி, கோழியின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டார். அவருடைய முகம் மாறியதை நான் யன்னலால் பார்த்தேன். அதன் மூக்கிலிருந்த இறகை இழுத்து எறிந்தார்.

“முட்டை வழியிலை நிக்குது. குளிர்தண்ணிக்குள்ளை போட்டு இன்னும் இறுக்கிப் போட்டம்” என்றார்.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா தண்ணீரைச் சூடாக்கி, பேசினில் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டார். ஆனால் பேசினை எங்கே வைப்பது? முற்றத்தில் உலக்கை விழும் ஒவ்வொரு தரமும் கோழி திடுக்கிட்டது. விறாந்தையில் ஆட்கள். குசினியில் புகை. இருட்டாக, ஆளரவம் இல்லாமல், ஒருவரும் கால் வைக்காத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மா பேசினை என் அறைக்குள் தள்ளினார். கோழியைப் படிக்கு உள்ளே வைத்தார். தான் படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

“நீ பிடி. நான் சொல்லுறன்.”

செட்டைகளை இரண்டு கையாலும் அணைத்து, வயிறு அமிழும் அளவுக்கு அதைத் தண்ணீருக்குள் இருத்தினேன். முதலில் உதறியது. பிறகு சூடு உடம்பில் ஏற ஏற அதன் பாரம் என் கைகளுக்குள் இறங்கியது. கழுத்தைத் தாழ்த்தி என் மணிக்கட்டில் வைத்தது. நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

“எங்கை நிக்குது எண்டு தெரியுதோ?” என்று அம்மா கேட்டார்.

“தெரியேல்லை.”

“கீழை, பின்பக்கமா. இன்னும் கீழை. உங்கை இல்லையடி.”

அம்மாவுக்குப் பொறுமை முடிந்துவிட்டது. படியைத் தாண்டி உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, என் கையைப் பிடித்துக் கோழியின் வயிற்றுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு என்னை ஒருவர் தொட்டது அதுதான்.  ஆனால் அதை நினைக்க நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் என் விரல்களுக்கு மேலே, மெல்லிய தோலுக்கு அப்பால், உருண்டையாக ஒன்று இருந்தது. கோழி இறுகியபோது அது அசைந்தது. தளர்ந்தபோது திரும்பிப் போனது.

நான் எத்தனை முட்டையைக் கையில் எடுத்திருப்பேன். உயிரோடு இருக்கும் ஒன்றின் உள்ளே, அது புறப்பட்டு வரும் வழியில், அதைத் தொடுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. 

“அமத்தாதை. உள்ளுக்கை உடைஞ்சால் கோது கிழிச்சுப் போடும். அதுவாத்தான் வரவேணும்.”

எனக்கென்று பத்திரப்படுத்தியிருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை அம்மா எடுத்து வந்தார். விரலில் தோய்த்து, வால் இறகுகளை ஒதுக்கி, முட்டை வரும் வாசலைச் சுற்றிப் பூசினார். தண்ணீர் ஆற ஆறச் சூடான தண்ணீர் கொண்டுவந்து விட்டார். கடைசியில் கோழியைத் தூக்கி, சாக்கு விரித்த மூலையில், வெங்காயத்துக்குக் கீழே வைத்தோம். அம்மா யன்னலைச் சாத்தினார். உலக்கைச் சத்தம் தூரத்துக்குப் போனது போல இருந்தது.

காத்திருந்தோம். அது இறுகும், தளரும். நடுவில் நெடுநேரம் அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். சந்தையிலிருந்து வரும் சைக்கிள் மணி ஒவ்வொன்றும் அப்பாவுடையதாகக் கேட்டது. பிறகு அது தானாகவே கால்களை ஊன்றி எழும்பி, அகட்டி நின்றது. அந்த வாசல் மெல்லத் திறந்து உள்ளே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது, முதலைவிடப் பெரிதாக. இவ்வளவு சின்ன உடம்பு இவ்வளவு விரியுமா? ஒருவரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்போது முக்க வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான் கையை நீட்டினேன். முட்டை என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

சுட்டது. பளபளவென்று ஈரமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த ஈரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகக் காய்ந்து போனது. கோதில் இரத்தம் ஒரு கீறாக இழுபட்டிருந்தது. அந்தப் பேட்டின் மற்ற முட்டைகளை விட ஒன்றரை மடங்கு இருக்கும். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது, கோயிலில்கூட அப்படித் தோன்றியதில்லை.

கோழி சாய்ந்து கிடந்தது. அம்மா விரல் நுனியால் அதன் சொண்டில் தண்ணீர் விட்டார். விழுங்கியது. இன்னொரு துளிக்குத் தலையைத் தூக்கியது. மூன்றாவது துளிக்கு என் தனிக் குவளைக்குள்ளேயே சொண்டை விட்டுக் குடித்தது.

மா அரிக்க அம்மாவைத் தேடிக்கொண்டு மாமி அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்தார்.

“மச்சாள், உங்களுக்கு என்ன விசரே? துடக்குக்காரியோடை போய் ஒட்டிக்கொண்டு இருக்கிறியள்.”

அம்மா என் கையைத் தூக்கி முட்டையைக் காட்டினார். மாமி பார்த்தார். கோழியைப் பார்த்தார். மறுபடி முட்டையைப் பார்த்தார்.

“உந்தப் பெரிசோ” என்றார், குரல் இறங்கிப்போய். “பாவம், உவளும் இப்பதானே பெரிசானவள்.” பிறகு தன் பழைய குரலுக்கு வந்து, “ரெண்டு பேரும் தலை முழுகுங்கோ. கோழிக்கு முழுக்கு வாத்தாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். கறியைப் பற்றி அதன் பிறகு ஒரு பேச்சும் இல்லை.

கோழி சாக்கில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

“அதுக்கு நொந்திருக்குமோ அம்மா?” என்று கேட்டேன்.

“நோகாமல்?” என்றார் அம்மா. ஒரு கையால் கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே, அடுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்: “நீ வரேக்கை எனக்கு ஒரு பகல் முழுக்க. ஆசுப்பத்திரியிலை சொந்தக்காரர் ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டினம். கட்டில் கம்பியைத்தான் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்.”

அதுவரை எனக்கு அம்மா என்றால் சமைப்பவர், ஏசுபவர், தலைக்கு எண்ணெய் வைப்பவர். நான் அவரை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தேன். இந்த ஒடுங்கிய தோள்களும் இந்த மெல்லிய கைகளும் கொண்ட ஒருத்தி, தனியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள்.  கீழே குனிந்தபோதுதான் கண்டேன், முட்டை இருந்த என் கையைக் கீழிருந்து தாங்கிய அவருடைய கை இன்னும் அங்கேயே இருந்தது.

முற்றத்திலிருந்து மாமி மறுபடியும் கூப்பிட்டார்.

“வாறன்” என்றார் அம்மா. எழும்பவில்லை.