போலந்துப் படகின் பட்டை

ஹெஸ்டர் பார்கெட்டர் எதையும் சட்டென்று நல்லது என்று சொல்லிவிடமாட்டாள். மாவட்ட ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், புது விரிப்பு வந்து இறங்கினால் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத் தையலைத்தான் முதலில் பார்ப்பாள். முன்பக்கம் கண்ணுக்காகத் தைத்தது என்பது அவள் எண்ணம்.

ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதன்பின் அவளுக்கு இருக்கப்போவது கீழ்க் கால்வாயில், மாஸ்டின் என்ற கிழட்டு வெல்ஷ்காரனின் படகுக்குப் பக்கத்தில், வெகுநாள் காத்திருந்து கிடைத்த ஒரு கரையிடம் மட்டுமே. அதில் கட்டி வாழ ஒரு படகு வேண்டும். டிரான்டரின் படகுப் பட்டறையில் அவள் கைக்கு எட்டியது ஒரே ஒரு ஒல்லிப் படகுதான். போலந்தில் கட்டி இங்கே கொண்டுவந்தது. பட்டறை இருந்ததோ மேல் கால்வாயில். மேலிருந்து கீழே வர ஒரே வழி, நடுவில் இருந்த பழைய மடைத்தொட்டி. இரு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டி அது. படகை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்தால் படகும் கூடவே இறங்கும். சுவர்களுக்கு வயதாகிவிட்டது, பாதி ஆழத்தில் இடதுபக்கச் சுவர் வயிறு தள்ளியிருந்தது.

படகு பார்க்க மாஸ்டினும் கூட வந்தான்.

"போலந்துத் தகரமா? சூப் டப்பாவ வெட்டி ஒட்டியிருப்பானுங்க, கண்ணு."

"வாய மூடிட்டு டார்ச்சப் பிடி," என்றாள் ஹெஸ்டர்.

தரைப்பலகையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள். யாரும் பார்க்காத அந்த இருட்டில் தகடும் தகடும் சேரும் இடமெல்லாம் பற்றவைப்பு ஒரே சீராக ஓடியது. சொட்டு ஈரமில்லை. கட்டிலுக்குப் பின்னாலும் அப்படியே. ஆனால் வெளியே வந்து பார்த்தால், பக்கவாட்டில் நீளமாக ஓடிய இரும்புப் பட்டையின் ஓரம் கொட்டிய கஞ்சி காய்ந்ததுபோல் திட்டுத்திட்டாக இருந்தது.

"சொன்னேன்ல?" என்றான் மாஸ்டின்.

உள்ளே ஒழுங்கு, வெளியே அலட்சியம். அவள் வாழ்நாளில் பார்த்த துணிக்கெல்லாம் நேர்மாறு. மனதில் ஏதோ இடித்தது. ஆனால் மாஸ்டினின் கேலி காதில் ஒட்டிக்கொண்டிருந்ததால் மேலே யோசிக்கவில்லை.

"மிஸ்டர் டிரான்டர், இத மடையில எறக்கிக் காட்டுங்க. எறங்கினாத்தான் கையெழுத்து."

"அதுக்கென்னம்மா, வெண்ணெயில கத்தி மாதிரி எறங்கும்."

சுக்கானை அவளே பிடித்தாள். கீழ்க்கதவின் ஒரு மதகை டிரான்டரும் இன்னொன்றை மாஸ்டினும் திருகித் திறந்தார்கள். தண்ணீர் வடிய, பாசி படிந்த சுவர்கள் இரண்டு பக்கமும் உயர்ந்தன. பாதிவழியில் படகின் இடப்பக்கம் சுவரில் சிக்கி நின்றது. வலப்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

உள்ளே, படகோடு வந்த கெட்டில் உருண்டு விழுந்தது. அவள் காலடித் தளம் கூரைச்சரிவுபோல் சாய்ந்தது.

"மூடு! மதக மூடு!"

டிரான்டர் மூடிவிட்டான். மாஸ்டினின் திருகு சிக்கிக்கொண்டது. அவன் கெட்ட வார்த்தையில் அதைத் திட்டியபடி முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். அதற்குள் தண்ணீர் இன்னும் ஒரு சாண் வடிந்துவிட்டது. ஹெஸ்டர் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடைசியில் திருகு இறங்கியது.

படகை மீட்க, மேல்மதகைத் திறந்து தொட்டியை மறுபடி நிரப்ப வேண்டும். அதிலும் ஆபத்து இருந்தது. இடப்பக்கம் விடுபடுவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டால், தாழ்ந்த வலப்பக்கத்துக் காற்றுத்துளைகள் வழியே உள்ளே புகுந்துவிடும்.

"மெதுவா விடுங்க!" என்று கத்தினாள். "நான் பார்த்துச் சொல்றேன்!"

தண்ணீர் ஏறியது. துளைகளுக்கு நாலு விரல் இருந்தது. பிறகு இரண்டு விரல்.

"ஏறி வந்துடு கண்ணு, படகு போனாப் போகுது!" என்றான் மாஸ்டின் மேலிருந்து.

"போனா நான் எங்கடா படுப்பேன்?"

இரும்பு ஒருமுறை நீளமாக முனகியது. படகு துள்ளி நிமிர்ந்து, ஆடி, அடங்கியது.

அவள் கரைக்கு ஏறினாள். மாஸ்டின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "போலந்துக்காரனுக்கு நம்ம மடையோட அளவு எங்க தெரியும்!"

ஹெஸ்டர் படகின் இடப்பக்கத்தருகே குனிந்தாள். சுவர் உரசிய இடத்தில் பட்டை கொஞ்சம் பிய்ந்து தொங்கியது. அதற்குப் பின்னால், சாயம் மாறாத நீலம். தொழிற்சாலையில் பூசிய பளபளப்பு போகவில்லை. படகைக் கட்டி, சாயமும் பூசி முடித்த பிறகுதான் இந்தப் பட்டையை ஒட்டி யாரோ அகலத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

"இத யாரு வெச்சது?"

டிரான்டர் எண்ணெய்க் கையை எண்ணெய்த் துணியிலேயே துடைத்தான். "நாங்கதாம்மா. வரும்போது மொட்டையா இருந்துச்சு. இந்தப் பட்டை இல்லன்னா இங்க யாரும் அதப் படகுன்னே ஒத்துக்க மாட்டாங்க. தோ, இவரே சிரிப்பாரு."

மாஸ்டின் கால்வாயில் வாத்து நீந்துவதைக் கவனமாகப் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் வெட்டி எடுங்க," என்றாள்.

"அழகே போயிடும்மா."

"அழகா மேலயே மிதந்துட்டு இருக்கவா? வெள்ளிக்கிழம எனக்கு வீடு இல்ல."

மறுநாள் பகலெல்லாம் பட்டறையில் தீப்பொறி பறந்தது. வியாழன் காலை படகு மடைக்குத் திரும்பியபோது, விலாவின் இரு பக்கமும் துருத்தடுப்புச் செந்நிறப் பூச்சு தழும்புபோல் நீண்டிருந்தது. இந்த முறை மதகுகளைத் திருகின் ஒவ்வொரு பல்லாக, மெல்லத்தான் திறந்தார்கள். சுவர் வயிறு தள்ளிய இடம் வந்ததும் ஹெஸ்டர் இடது உள்ளங்கையைக் கூரைமேல் வைத்தாள். ஒரு கீறல் சத்தம். தகடு லேசாக அதிர்வது கையில் தெரிந்தது. சத்தம் நின்றது, தளம் நேராகவே இருந்தது. சுவர்கள் உயர்ந்துகொண்டே போயின.

கீழ்க்கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. மாஸ்டின் கரையோடு கூடவே நடந்து வந்தான்.

"இப்ப என்ன சொல்ற, கண்ணு? தகரம் எப்படி?"

"உள்பக்கம் ஒழுங்காத் தெச்சிருக்கான்."

அவளைத் தெரிந்தவன் என்பதால் மாஸ்டின் அதற்குமேல் கேட்கவில்லை. டிரான்டர் காகிதங்களோடு படகில் தாவி ஏறினான். அவள் கூரைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய், ஒடுங்கிப்போன கெட்டிலை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இது மட்டும் உங்க பொறுப்பு. சாயங்காலத்துக்குள்ள புதுசு வரணும். டீ குடிக்காம நான் தூங்கமாட்டேன்."